எம்.டி. மேடமும் பதினைந்து சிம்மும்

மார்ச் 6, திங்கள்

எனக்குக் கோபம் வந்தால் இரண்டே வழிதான். பாத்திரத்தைத் தூக்கிப் போட வேண்டும், இல்லாவிட்டால் எழுத வேண்டும். பாத்திரமெல்லாம் குழுவுக்குச் சொந்தம், நசுங்கினால் அபராதம் போடுவார்கள். அதனால் எழுதுகிறேன்.

இன்றைக்கு முதல் பில் வந்தது. பன்னிரண்டாயிரத்து முந்நூற்று எழுபத்திரண்டு ரூபாய். ஒரே மாதத்துக்கு. ஆறு பொம்பளைகள் பேசிய பேச்சுக்கு. நாங்கள் என்ன அமெரிக்காவுக்கா பேசினோம்? திண்டுக்கல்லில் இருந்துகொண்டு திண்டுக்கல் ஆஸ்பத்திரிகளுக்குப் பேசினோம்.

நாளைக்கு இதை யாராவது எடுத்துப் படித்தால் தலையும் புரியாது, காலும் புரியாது. அதனால் சொல்லிவிடுகிறேன். நான் அமலோற்பவம், வயது நாற்பத்தாறு. அல்லி மகளிர் குழுவில் நாங்கள் ஆறு பேர் சேர்ந்து, பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சாப்பாடு சமைத்து ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் கேரியரில் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். பூண்டுக் குழம்பு, மிளகு ரசம், சுறாப்புட்டு, முருங்கைக்கீரை, பிரசவ லேகியம். எட்டு வருஷமாக நடக்கிறது. எட்டு வருஷமும் ஒரே போன் நம்பர், கடைசி நான்கு எண் 4747. அது எல்லாக் கேரியர் மூடியிலும் இருக்கிறது. நர்சம்மாக்களுக்கு மனப்பாடம். மூத்த பிள்ளைக்கு எங்களிடம் சாப்பிட்டவள் இரண்டாவதுக்கும் அந்த நம்பருக்குத்தான் அடிப்பாள். எங்களுக்குக் கடை கிடையாது, போர்டு கிடையாது. அந்த நம்பர்தான் கடை.

ஜனவரியில் மகளிர் தொழில்முனைவோர் முகாமில் கோகுல்நாத் என்று ஒருத்தன் டை கட்டிக்கொண்டு வந்து பிடித்தான். "ஆறு ஃபோனும் இலவசம் மேடம். மாசம் ஆளுக்கு முந்நூறுதான். பிடிக்கலைனா எப்ப வேணாலும் விட்டுறலாம்" என்றான். என் கையிலிருக்கும் 4747-ஐயும் அந்தத் திட்டத்துக்குள் இழுத்துக்கொண்டான். வந்தது ஆறு சிம். பில்லில் பதினைந்து. சிம்முக்கு அறுநூற்றுத் தொண்ணூற்றொன்பது, வரி தனி. ஒப்பந்தம் மூன்று வருஷம். மீதி ஒன்பது சிம் எந்த உலகத்தில் யாரோடு பேசிக்கொண்டிருக்கிறதோ தெரியவில்லை. பதினைந்து என்று அவனே போட்டுக்கொண்டிருக்கிறான், திருட்டுப் பயல்.

இந்த டைரியும் அவன் கொடுத்ததுதான். அட்டையில் பொன்னெழுத்தில் என் பெயர், அதன் கீழே 'மேலாண்மை இயக்குநர்' என்று அச்சடித்திருக்கிறது. அடுப்பில் போடலாம் என்று பார்த்தேன். தாள் நல்ல தாள்.

மார்ச் 7

பில்லை இன்னும் யாரிடமும் காட்டவில்லை. சுறா விலை ஏறிவிட்டது.

மார்ச் 9, வியாழன்

கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டேன். தமிழுக்கு ஒன்றை அழுத்து, பில்லுக்கு மூன்றை அழுத்து என்று அழுத்தி அழுத்தி விரல் தேய்ந்தது. பிறகு பாட்டு. ஸ்பீக்கரில் போட்டு மசாலா டப்பா மேல் வைத்துவிட்டு ஒன்றரைக் கிலோ பூண்டு வதக்கி முடித்தேன், பாட்டு முடியவில்லை.

கடைசியில் ஒரு பெண் வந்தாள். நல்ல பிள்ளைதான், குரலில் தூக்கம். நான் நடந்ததைச் சொன்னேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மேடம், இது நுகர்வோர் பிரிவு. நீங்க நுகர்வோர் இல்ல, நீங்க நிறுவனம். உங்களுக்குத் தனிப் பிரிவு" என்றாள்.

"சரிம்மா, அந்தப் பிரிவுக்குக் குடு."

"அவங்களுக்கு போன் கிடையாது மேடம். மெயில்தான்."

போன் கம்பெனிக்குப் போன் கிடையாதாம். நல்ல கூத்து.

மார்ச் 14, செவ்வாய்

வீட்டுக்காரர் மினி பஸ்ஸில் கண்டக்டர். அவரிடம் மட்டும் சொன்னேன். "மதுரைல ஆபீஸ் இருக்குல்ல, நேர்ல போயிட்டு வா. ஒன்னையப் பாத்தா பயந்துருவாய்ங்க" என்றார். கேலியா, ஊக்கமா என்று தெரியவில்லை. போனேன்.

கண்ணாடிக் கதவு, ஏசி, ஒரு பெண் சிரித்துக்கொண்டே "கார்டு இருக்கா மேடம்?" என்றாள். நானும் பர்ஸைத் திறந்து கோகுல்நாத் அச்சடித்துக் கொடுத்த கார்டை எடுத்து நீட்டினேன். கை தானாகப் போய்விட்டது. அதைப் படித்துவிட்டு உட்காரச் சொல்லி டீ கொடுத்தாள். டீ நன்றாகத்தான் இருந்தது.

மேனேஜருக்கு முப்பது வயது இருக்கும். கோகுல்நாத் வேலையை விட்டுப் போய்விட்டானாம். "நாங்க இருபத்திரெண்டு பக்கம் குடுத்திருக்கோம் மேடம். எல்லாப் பக்கத்துலயும் நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க" என்றார். போட்டிருக்கிறேன். பேங்க் லோனுக்கு அறுபது இடத்தில் பென்சிலால் குறி போட்டுக் கொடுப்பார்கள், குறி இருக்கும் இடத்தில் எல்லாம் போட்டுக்கொண்டே போவோம். பன்னிரண்டு வருஷப் பழக்கம். கோகுல்நாத்தும் பென்சில் குறி போட்டுத்தான் கொடுத்தான்.

"சரி, ஃபோனையெல்லாம் திருப்பித் தர்றேன். எங்க 4747-ஐ விட்டுருங்க. வேற கம்பெனிக்கு மாத்திக்கிறோம்" என்றேன்.

அது இப்போது நிறுவன நம்பராம். ஒப்பந்தம் முடியும் வரை மாற்ற முடியாதாம். இப்போதே போக வேண்டுமென்றால் ஒரு லட்சத்து இருபதாயிரம் கட்ட வேண்டுமாம். எங்கள் சொந்த நம்பரை நாங்கள் விலை கொடுத்து வாங்க வேண்டும். மாட்டுத்தாவணியில் பஸ் ஏறும்வரை என் வாயிலிருந்து வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது, நான் கோவிலுக்குப் போகிறவள்.

மார்ச் 19, ஞாயிறு

குழுக் கூட்டத்தில் பில்லைப் போட்டு உடைத்தேன். எங்களோடு சமைக்கும் மும்தாஜ் வாயில் கை வைத்தாள். பஞ்சவர்ணம் அக்கா பில்லை வாங்கி, கண்ணாடியை மாட்டி, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார். அக்காதான் குழுவின் பிரதிநிதி. நோட்டு, சாவி, அபராதம் எல்லாம் அவர் கையில். நான் ஊக்குநர், அதாவது பேச வேண்டிய இடத்தில் எல்லாம் நான்.

"பதினஞ்சுன்னு அவனுக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டார்.

கடன் வாங்குகிற குழுவில் பதினைந்து பேர் இருக்கிறோம். சமைப்பது ஆறு பேர்தான்.

"முகாம்ல நம்ம குழு விவரம் பூராம் இருந்துச்சுல்ல, அதைப் பாத்துப் போட்டுருப்பான்" என்றேன்.

அக்கா என்னையே பார்த்தார். பிறகு நோட்டை எடுத்து, 'பில் கட்டுவதில்லை என்று ஏகமனதாகத் தீர்மானம்' என்று எழுதி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார். எனக்கு அந்தக் கண்ணாடியைக் கண்டாலே ஆகாது.

ஏப்ரல் 7, புனித வெள்ளி

சிலுவைப் பாதை முடிந்து வெளியே வந்து போனைப் பார்க்கிறேன், சிக்னல் இல்லை. ஆறு போனிலும் இல்லை. பில் கட்டாததால் துண்டித்துவிட்டார்கள். ஆண்டவர் மூன்றாம் நாள் எழுந்துவிடுவார். எங்கள் நம்பர் எப்போது எழுமோ.

ஏப்ரல் 16, ஞாயிறு

முப்பது கேரியர் போய்க்கொண்டிருந்தது. இந்த வாரம் ஒன்பது.

4747-க்கு அடித்தால் 'நீங்கள் அழைத்த எண் உபயோகத்தில் இல்லை' என்கிறதாம். கேட்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? மூடிவிட்டார்கள் என்றுதான். என் வீட்டுக்காரரின் நம்பரை ஸ்டிக்கர் அடித்து மும்தாஜ் எல்லா மூடியிலும் ஒட்டினாள். ஆனால் வெளியே இருக்கிறவர்களுக்கு யார் ஒட்டுவது? வேடசந்தூரில் இருப்பாள் ஒருத்தி, நத்தத்தில் இருப்பாள் ஒருத்தி, மூன்று வருஷத்துக்கு முன் எழுதிவைத்த நம்பரை நம்பி.

பூசை முடிந்து வரும்போது ஒரு அம்மா என்னைக் கண்டு திடுக்கிட்டு நின்றார். "நீங்க தவறிட்டீங்கன்னுல்ல சொன்னாங்க" என்றார். நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று அவருக்கு நிரூபிக்கவே ஐந்து நிமிஷம் ஆனது.

சிரிப்பாக எழுதிவிட்டேன். சிரிப்பு வரவில்லை. எங்கள் ஆறு பேரில் இன்னொருத்தி நாகஜோதி, அவள் பெண்ணின் காலேஜ் ஃபீஸ் இந்த மாதம் கட்ட வேண்டும். மும்தாஜ் வீட்டு வாடகை நிற்கிறது. நம்பர் வராவிட்டால் சமையலை நிறுத்த வேண்டியதுதான். ஆறு அடுப்பு அணையும், என் ஒருத்தி கையெழுத்தால்.

ஏப்ரல் 27, வியாழன்

கோர்ட் வாசலில் டைப் அடிக்கும் சந்தானம் அண்ணனிடம் போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நுகர்வோர் ஆணையத்துல போடுங்கம்மா. வக்கீலு வேணும்னு இல்ல, நீங்களே பேசலாம். இந்தத் தொகைக்குக் கட்டணமும் இல்ல" என்றார்.

"நாங்க நுகர்வோரே இல்ல, நிறுவனம்னு சொல்றாய்ங்கண்ணே."

"அப்பிடித்தான் சொல்லுவான். ஆனா சொந்தமா ஒழைச்சு, அதுலயே பொழைக்கிறவங்களுக்கு அந்தச் சட்டத்துல வழி இருக்கு. தொழிலுக்காக வாங்கியிருந்தாலும் நீங்க நுகர்வோர்தான். ஆள் வச்சு வேலை வாங்குற மொதலாளியா இல்லாம இருந்தாப் போதும். நீங்க ஆள் வச்சிருக்கீங்களா?"

"ஒரு ஆளும் கெடையாது" என்றேன்.

"அப்ப பயப்படாதீங்க. கம்பெனிக்குக் குடுத்த விண்ணப்பத்துல என்ன எழுதியிருக்குன்னு மட்டும் பாத்துக்கங்க."

வரும் வழியெல்லாம் வெயில். தலைவலி.

மே 8, திங்கள்

மனு கொடுத்தாகிவிட்டது. ஆறு பேரும் போனோம். ஆறு பேரும் கையெழுத்துப் போட்டோம். இந்தத் தடவை பஞ்சவர்ணம் அக்கா ஒவ்வொரு பக்கத்தையும் சத்தமாகப் படித்த பிறகுதான் போடவிட்டார். அதற்குள் மதியக் கேரியர் நேரம் தாண்டிவிட்டது. மும்தாஜ் ஆட்டோவில் பறந்தாள்.

ஜூன் 14, புதன்

முதல் வெற்றி. 4747-ஐ வழக்கு முடியும் வரை வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று ஆணையம் உத்தரவு போட்டுவிட்டது. மூன்று மாதம் சும்மா கிடந்தால் வேறு யாருக்காவது விற்றுவிடுவார்களாம், சந்தானம் அண்ணன் சொல்லித்தான் கேட்டோம். இன்றைக்கு எல்லோருக்கும் கேசரி. நெய் என் செலவு.

ஆகஸ்ட் 18, வெள்ளி

கம்பெனியின் பதில் மனு வந்தது. 'மனுதாரர்கள் பதினைந்து ஊழியர்களைக் கொண்ட வணிக நிறுவனத்தினர். லாப நோக்கில் இயங்குபவர்கள். நுகர்வோர் அல்லர்.' அதோடு மூன்று இணைப்புக் காகிதங்கள்.

மும்தாஜ் படிக்கச் சொன்னாள். பதிலை மட்டும் படித்துக் காட்டினேன். இணைப்புகள் சும்மா பில் நகல்தான் என்றேன்.

சாம்பாருக்குப் புளி அதிகமாகிவிட்டது. வீட்டுக்காரர் மோரை ஊற்றிச் சாப்பிட்டார்.

செப்டம்பர் 2

கம்பெனி வக்கீல் கூப்பிட்டார். பில் முழுவதையும் தள்ளுபடி செய்கிறார்களாம். பழைய நம்பரைத் திரும்ப எடுக்க முடியாதாம், அதற்குப் பதில் புது நம்பர், கடைசியில் ஐந்து சைபர் வருகிற மாதிரி. வழக்கை மட்டும் வாபஸ் வாங்க வேண்டும். இதைவிட என்ன வேண்டும்? விசாரணையும் வேண்டாம், இருக்கிற காகிதத்தையெல்லாம் எடுத்து நாலு பேர் முன்னால் படிக்கவும் வேண்டாம்.

செப்டம்பர் 3, ஞாயிறு

கூட்டத்தில் ஒத்துக்கொள்ளலாம் என்று நான்தான் பேசினேன். நன்றாகவே பேசினேன். கடன் தொல்லை போய்விடும், ஐந்து சைபர் என்றால் ஞாபகம் வைப்பதும் சுலபம், கோர்ட்டுக்கு அலைய வேண்டாம் என்றெல்லாம் அடுக்கினேன்.

பஞ்சவர்ணம் அக்கா கேட்டார்: "அமலி, ஏப்ரல்ல அந்த நம்பருக்காக ஊரையே கொளுத்துவேன்னு நின்னவ நீ. இப்ப என்னாச்சு ஒனக்கு?"

"ஒண்ணும் ஆகல. சண்டை போட்டுச் சலிச்சுப் போச்சு."

"நீ சண்டைக்குச் சலிச்சவளா?"

மும்தாஜ் சிரித்துவிட்டாள். "அமலிக்கா சலிச்சுருச்சுன்னா உடம்புக்கு ஏதோ ஆகிப்போச்சு. வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

ஒத்துக்கொள்ளலாம் என்கிறவர்களைக் கை தூக்கச் சொன்னார்கள். என் ஒரு கைதான் தூக்கியிருந்தது. ஐந்து பேருக்கும் நம்பர்தான் வேண்டுமாம். தீர்மானம் எழுதி, எதிர்த்து ஓட்டுப் போட்ட நானும் கையெழுத்துப் போட்டேன். விசாரணை அக்டோபர் பதினொன்று.

அக்டோபர் 10, செவ்வாய்

சரி, எழுதிவிடுகிறேன். நாளைக்கு எல்லோரும் கேட்கப் போவதை இன்றைக்கு இந்தத் தாளிலாவது எழுதிவிடுகிறேன்.

இணைப்பு ஒன்று, நான் கைப்பட நிரப்பிய விண்ணப்பம். 'மொத்தம் எத்தனை பேர்?' என்ற இடத்தில் பதினைந்து பேர் என்று எழுதியவள் நான்தான். முதலில் அதில் சூது ஒன்றும் இல்லை. பேங்கில் எந்தப் படிவத்தில் கேட்டாலும் பதினைந்து என்று எழுதியே பழகிய கை. ஆனால் ஆறு ஃபோன் மட்டும் கேட்டிருந்த என்னிடம், கோகுல்நாத் அதைப் பார்த்துவிட்டு, "பதினஞ்சு ஸ்டாஃபா மேடம்? அப்ப பெரிய கம்பெனிதான். நீங்கதான் எம்.டி.யா?" என்றான். இல்லை தம்பி, அது கடன் குழு, சமைப்பது ஆறு பேர்தான் என்று அந்த நிமிஷமே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஆமாம் என்றேன். 'பேர்' என்பதை அடித்துவிட்டு 'ஊழியர்' என்று எழுதச் சொன்னான், எழுதினேன். பதவி என்ற இடத்தில் மேலாண்மை இயக்குநர் என்றும் எழுதினேன். அவன் எழுந்து நின்று கை குலுக்கினான். முகாமில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அது எனக்குப் பிடித்திருந்தது. அவ்வளவுதான். கார்டு நூறு அடித்துக் கொடுத்தான், நாத்தனார் வீட்டுக் கல்யாணத்தில் ஆறு கார்டு கொடுத்தேன்.

நாளைக்குப் பதினைந்து ஊழியர் என்று சாதித்தால் நான் எம்.டி.யாகவே இருக்கலாம், ஆனால் வழக்கு போய்விடும். உண்மையைச் சொன்னால் ஐந்து பேர் முகத்திலும் எப்படி முழிப்பது? சுக்குத்தண்ணீர் போட்டுக் குடித்தேன்.

அக்டோபர் 11, புதன்

காலையில் பதினோரு கேரியரையும் ஒன்பது மணிக்குள் கட்டி அனுப்பிவிட்டு ஆறு பேரும் ஆணையத்துக்குப் போனோம். கையெல்லாம் பூண்டு நாற்றம், சோப்புப் போட்டும் போகவில்லை. தலைவர் ஒரு அம்மா. நரைத்த தலை, அமைதியான குரல். கம்பெனி வக்கீல் மதுரையிலிருந்து காரில் வந்திருந்தார்.

எங்கள் பெயரைக் கூப்பிட்டதும் நான் முன்னால் போனேன். மற்ற ஐந்து பேரும் கடைசி பெஞ்சில். வக்கீல் எழுந்தார். நான் பயந்தபடியே அதைத்தான் முதலில் எடுத்தார்.

"பதினைந்து ஊழியர்களைக் கொண்ட நிறுவனம். அதன் மேலாண்மை இயக்குநரே கைப்பட எழுதிக் கொடுத்திருக்கிறார். இவர் நுகர்வோர் என்றால் நாட்டில் எல்லா முதலாளியும் நுகர்வோர்தான்."

தலைவர் அம்மா காகிதத்தை என் பக்கம் திருப்பினார். "இது உங்க எழுத்தாம்மா?"

பின்னால் திரும்பிப் பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். திரும்பிவிட்டேன். ஐந்து பேரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாயைத் திறந்தேன், வந்தது நிற்கவில்லை.

"எழுத்து என்னோடதுதாம்மா. எழுதுனதுதான் பொய்யி. எங்ககிட்டச் சம்பளத்துக்கு ஒரு ஆளும் கெடையாது. பதினஞ்சு பேருங்கிறது கடன் வாங்குற குழு. அதுல ஆறு பேருதான் சமைக்கிறோம். நாங்களே உரிக்கிறோம், நாங்களே அரைக்கிறோம், நாங்களே ஷேர் ஆட்டோவுல தூக்கிட்டுப் போறோம். வர்றதை ஆறு பங்கு போட்டுக்கிறோம். எனக்கும் அதே ஒரு பங்குதான். அந்த ஆளு என்னைய எம்.டி.ன்னாரும்மா. எனக்குக் கேக்க நல்லா இருந்துச்சு. பதினாறு வயசுல இருந்து அடுப்படியில நிக்கிறேன், ஒருத்தரும் எந்திரிச்சு நின்னு கை குடுத்ததில்ல. அந்த ஆசையில எழுதிட்டேன். இவங்க அஞ்சு பேருக்கும் தெரியாது. தப்பு என்னோடது. அதுக்கு எங்க நம்பரப் புடுங்கிக்கிறது ஞாயமாம்மா?"

வக்கீல் சிரித்தார். "வழக்குக்குத் தோதா இன்னைக்கு எம்.டி. இல்லைன்னு சொல்றாங்க. நாளைக்கு வேற சொல்வாங்க. இதுக்கு ஆதாரம் என்ன?"

என்னிடம் ஆதாரம் இல்லை. அப்போது பின்னாலிருந்து பஞ்சவர்ணம் அக்கா குரல் கேட்டது. "அய்யா, எங்ககிட்ட நோட்டு இருக்கு."

அக்கா நடந்து வந்தார். மஞ்சள் பையிலிருந்து குழுவின் வேலை நோட்டை எடுத்தார். எட்டு வருஷத்துக்கு ஐந்து நோட்டு. யார் எந்தக் கிழமை பூண்டு உரிக்க வேண்டும், யார் அம்மி, யார் கேரியர் கழுவ வேண்டும், யார் வரவில்லை, எவ்வளவு அபராதம், எல்லாம் அதில் இருக்கும். மகளிர் குழுவில் கூட்டத்துக்குத் தாமதமாக வந்தாலே அபராதம். எங்கள் குழுவில் பூண்டுக்கும் உண்டு. அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு சாவகாசமாகப் படித்தார்.

"பிப்ரவரி நாலு. பூண்டு உரிக்க வரல, அமலோற்பவம், அபராதம் பத்து ரூவா. பிப்ரவரி இருபது. கேரியர் சரியா வெளக்கல, அமலோற்பவம், அஞ்சு ரூவா. மார்ச் பதினாலு. சொல்லாம லீவு, அமலோற்பவம், பத்து ரூவா."

"அக்கா, அன்னைக்கு நான் மதுரைக்குப் போயிருந்தேன்" என்று என் வாய் தானாகச் சொன்னது.

"சொல்லிட்டா போன?" என்றார் அக்கா, நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

தலைவர் அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டார். அப்புறம் முடியவில்லை, சிரித்துவிட்டார். பக்கத்திலிருந்த உறுப்பினரும் சிரித்தார். "மேலாண்மை இயக்குநருக்கே அபராதமா?"

"யாரா இருந்தாலும் பூண்டு உரிக்கணும்மா. இந்த வருஷம் மட்டும் இவளுக்குப் பதினாலு தடவை போட்டுருக்கேன். எல்லாத்துலயும் அவளே கையெழுத்துப் போட்டுருக்கா."

பதினாலு தடவையா? எனக்கே தெரியாது. ஆனால் அந்த இடத்தில் பதினாலு போதவில்லை, இன்னும் நாலு தடவை வராமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

தலைவர் அம்மா நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். பிறகு வக்கீலைப் பார்த்து, இப்போது சிரிப்பே இல்லாமல் கேட்டார். "பூண்டு உரிக்கலைன்னு ஒரு முதலாளி தன் ஊழியர்கிட்ட அபராதம் கட்டுவாரா? சரி, அது போகட்டும். மீதி ஒன்பது சிம்மை யார் கையில குடுத்தீங்க? வாங்கினதுக்குக் கையெழுத்து இருக்கா?"

வக்கீல் கட்டைப் புரட்டினார். பின்னால் நின்ற கம்பெனி ஆளைப் பார்த்தார். "எங்க ஆபீஸ்லயே இருக்குங்க" என்றார் அந்த ஆள். ஒன்பது சிம்மும் கம்பெனி அலமாரியை விட்டே கிளம்பவில்லை. கிளம்பாத சிம்முக்கு மாதா மாதம் பில்.

தீர்ப்பு நவம்பர் எட்டு என்று சொல்லி எழுந்தார்கள்.

வெளியே வந்ததும் நான் யார் முகத்தையும் பார்க்காமல் நடந்தேன். மும்தாஜ் ஓடி வந்து கையைப் பிடித்தாள். "என்னக்கா, பெரிய ரகசியமா? எம்.டி.ன்னு போட்ட கார்டு ஒங்க பர்ஸுல இருந்து கீழ விழுந்து நான்தான் எடுத்து உள்ள வச்சேன், பிப்ரவரியிலேயே."

நான் பஞ்சவர்ணம் அக்காவைப் பார்த்தேன். "ஒங்களுக்கும் தெரியுமா?"

"பில்லைப் படிச்ச அன்னைக்கே நெனச்சேன். நீயா சொல்லுவன்னு பாத்தேன். ஏழு மாசம் ஆக்கிட்ட" என்றார். பிறகு, "நல்லாத்தான் சொன்ன" என்றார்.

அக்கா எனக்கு நல்ல வார்த்தை சொன்னது எட்டு வருஷத்தில் இதுதான் முதல் தடவை. பஸ் ஸ்டாண்டில் ஆறு பேரும் கரும்புச்சாறு குடித்தோம்.

அக்டோபர் 15, ஞாயிறு

கூட்டம். தீர்மானம் ஒன்று: இனி யாரும் தனியாகக் கையெழுத்துப் போடக் கூடாது, படித்துக் காட்டாமல் யாரும் போடக் கூடாது. தீர்மானம் இரண்டு: குழுவைக் கேட்காமல் கையெழுத்துப் போட்டதற்கும், இணைப்பை மறைத்ததற்கும் அமலோற்பவத்துக்கு ஐந்நூறு ரூபாய் அபராதம். ஏகமனதாக. நானும் கை தூக்கினேன்.

நவம்பர் 8, புதன்

ஜெயித்துவிட்டோம்.

மறுபடி எழுதிப் பார்க்கிறேன். ஜெயித்துவிட்டோம்.

நாங்கள் சொந்த உழைப்பில் பிழைக்கிறவர்கள், நுகர்வோர்தான் என்று தீர்ப்பில் இருக்கிறது. கொடுக்காத சிம்முக்குப் பில் போட்டதும், வெளியே போகவிடாமல் மூன்று வருஷம் கட்டிப்போட்டதும் நியாயமற்ற ஒப்பந்தம். பில் முழுவதும் ரத்து. பதினைந்து நாளில் 4747-ஐ விடுவிக்க வேண்டும். மன உளைச்சலுக்கு இருபத்தைந்தாயிரம், செலவுக்கு ஐந்தாயிரம். நான் மன உளைச்சலை ஆறாகப் பங்கு போடச் சொன்னேன், உளைந்தது ஆறு பேரும்தானே.

வீட்டுக்காரர் அவருடைய மினி பஸ்ஸில் ஏறியவர்களிடம் எல்லாம் டிக்கெட்டோடு சேர்த்து இந்தச் செய்தியையும் கொடுத்தாராம். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. சந்தோஷம்தான் அதிகம்.

நவம்பர் 24, வெள்ளி

வேறு கம்பெனிக்கு மாற்றிய சிம்மில் காலை பத்தேகாலுக்குச் சிக்னல் வந்தது. போனை நடுவில் வைத்துவிட்டு ஆறு பேரும் சுற்றி உட்கார்ந்து பூண்டு உரித்தோம். பத்து ஐம்பதுக்கு அடித்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கையைச் சேலையில் துடைத்துவிட்டு எடுத்தேன்.

"அல்லி பத்தியச் சாப்பாடுதாங்களே?" ஒரு ஆண் குரல். "நத்தத்துல இருந்து வந்துருக்கோம். மூணு வருசத்துக்கு முன்னாடி மொதப் பிள்ளைக்கு ஒங்க சாப்பாடுதான். ரெண்டாவது பொறந்து நாலு நாளாச்சு. நாலு நாளா அடிக்கிறேன், இல்லாத நம்பருங்குது. வேற எடத்துல சொல்லிருவோம்னா எங்க வீட்டுல கேக்கல. இன்னொருக்க அடிங்க, எடுப்பாங்கங்கிறா."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. "எந்த ஆஸ்பத்திரி, எந்த ரூமு, சொல்லுங்க. பன்னெண்டு மணிக்குக் கேரியர் அங்க இருக்கும்" என்றேன். மும்தாஜ் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பூண்டுக்கெல்லாம் அழக் கூடாதுக்கா, வெங்காயத்துக்குத்தான் அழணும்" என்றாள். அவளும்தான் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

கேரியரை நானே கொண்டுபோனேன். அந்தப் பெண் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மூடியைத் திறந்து குழம்பை முகர்ந்து பார்த்தாள், ஒரு வாய் பிசைந்து சாப்பிட்டாள். "இதுதான்" என்று புருஷனிடம் சொன்னாள். என்னிடம் குழந்தையைக் காட்டினாள். நான் அதைச் சரியாகக் கூடப் பார்க்கவில்லை. இடுப்பில் போன் மறுபடி அடித்துக்கொண்டிருந்தது.